பபூன் மோதாமல் நின்ற மேடை

வலது தோள்பட்டை மக்கர் செய்ததால் போன பங்குனியோடு குச்சியைக் கீழே வைத்துவிட்டேன். தேனியில் ஒரு மண்டபத்தில் சால்வை போட்டார்கள். நாலு பேர் பேசினார்கள். அதில் மூன்று பேர் என்னை மிருதங்கக்காரர் என்றே சொன்னார்கள். நான் மிருதங்கக்காரன் இல்லை, ஆல்ரவுண்ட். வாழ்நாள் முழுக்க இந்தத் திருத்தத்தைச் சொல்லி அலுத்தவன், அன்றைக்கும் மைக்கை வாங்கி முதலில் இதைத்தான் சொன்னேன்.

ஸ்பெஷல் நாடகம் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுக்கென்று கம்பெனி கிடையாது. திருவிழா நடத்தும் ஊர்க்காரர்கள் ராஜபார்ட்டை ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட்டை இன்னோர் ஊரிலிருந்தும் தனித்தனியாகப் பேசி, தாம்பூலம் கொடுத்து வரவழைப்பார்கள். ஒத்திகை கிடையாது. மேடையில்தான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். மேடை ஓரத்தில் ஆர்மோனியம், மிருதங்கம், அவர்களுக்குப் பக்கத்தில் ஆல்ரவுண்ட். ஒரு டிரம், ரெண்டு சிம்பல், பாங்கோஸ், மணி, பீப்பி, ஒரு தகரத்தட்டு இவைதான் என் சொத்து. வாள் வீசினால் நான், கதவு திறந்தால் நான், பபூன் பல்லைக் கடித்தாலும் நான்தான். நாடகத்தில் வேஷம் கட்டாமல் எல்லா வேஷமும் போடுகிறவன் நான் ஒருவன் என்று பெருமையாகவே சொல்வேன்.

எனக்கு ஊர் லோயர் கேம்ப். கல்யாண பேண்டில் டிரம் அடித்துக்கொண்டிருந்த என்னை, ஆர்மோனியம் வாசிக்கும் போடி ஞானராஜ் வாத்தியார் ஒரு ஊர்வலத்தில் கேட்டுவிட்டு, "கை நல்லாருக்கு, காதுதான் இல்லை. எங்கூட வா, காது தாரேன்" என்றார். கூடப் போனேன். ரெண்டு வருஷம் தகரத்தட்டைத் தவிர வேறு எதையும் தொட விடவில்லை. பயிற்சியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, திட்டு வாங்கினேன் என்பதைத் தவிர.

வாத்தியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். போடி பஜாரில் அவர்கள் குடும்பத்துக்கு ஜவுளிக்கடை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவாலயத்தில் கீர்த்தனைக்கு வாசிப்பார், சாயந்திரம் முருகன் கதைக்கு வாசிக்க வண்டியேறுவார். ரெண்டு இடத்திலும் கண்ணை ஒரே மாதிரி மூடிக்கொள்வார். வீட்டில் முணுமுணுப்பு இருந்தது, அவர் காதில் போட்டுக்கொண்டதில்லை. மேடையில் அவர் வாயால் கட்டளையிட்டு நான் கேட்டதே இல்லை. நடிகர் சுதி விலகினால் ஒரே ஒரு கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அந்த ஆள் வந்து சேரும்வரை விடமாட்டார். கோபம் முற்றினால் துருத்தியை மூடிவிடுவார். ஆர்மோனியம் நின்றுபோன மேடையில் நடிகன் துணி அவிழ்ந்தவன் மாதிரி நிற்பான். அந்தத் தண்டனையை அவர் கொடுத்து நான் மூன்று தடவைதான் பார்த்திருக்கிறேன்.

என் பேர் பரவியது மயிலாடும்பாறையில். வானம் பார்த்த பூமி, அந்த வருஷம் மழையே இல்லை. நாடகத்தில் மழைக் காட்சி. நான் தகரத்தட்டில் இடியை இறக்கினேன், நிஜ மழை கொட்டிவிட்டது. பந்தல் பிய்ந்து, வேஷம் கரைந்து, நாடகம் பாதியில் நின்றது. அடுத்த வருஷம் அந்த ஊரில் ராஜபார்ட்டிலிருந்து மிருதங்கம் வரைக்கும் எல்லோரையும் மாற்றினார்கள், என்னை மட்டும் மாற்றவில்லை. "இடிக்காரர் வந்துட்டாரா?" என்று கேட்டுத்தான் கொட்டகை போட்டார்கள். மழை வரவில்லை. என் முகத்தில் யாரும் முழிக்கவில்லை.

சிரிப்புக் கதைகளை நிறையச் சொல்லலாம். ஆனால் சால்வை போட்ட அன்று, டான்ஸ் வேஷம் கட்டும் ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உங்களுக்குக் கஷ்டமா இருந்த மேடை எதுண்ணே?" என்று கேட்டாள். கூட்டம் கல்லெறிந்த மேடைகளை எதிர்பார்த்திருப்பாள். எனக்கு நினைவு வந்தது வேறு. பபூன் வேலுச்சாமியும் டான்ஸ் வசந்தாவும் மறுபடி ஒரே மேடையில் நின்ற நாள் அது.

அதற்கு முன்னால் பபூன், டான்ஸ் காட்சி எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். கதை தொடங்குவதற்கு முன்னால் வருகிற காட்சி இது. டான்ஸ்காரம்மா ஒரு பாட்டோடு வந்து ஆடியபடியே பின்னால் நகர்வார். பபூன் எதிர்ப்பக்கத்திலிருந்து பின்னோக்கி நடந்து வருவார். நடுமேடையில் முதுகும் முதுகும் மோதி ரெண்டு பேரும் விழ வேண்டும். பிறகு சண்டை, தர்க்கம், டான்ஸ் தோற்றுப்போய்க் கல்யாணம். எல்லா ஊரிலும் இதேதான், எல்லா ஊரிலும் புதிதாகச் சிரிப்பார்கள்.

முதுகில் கண் இல்லாத ரெண்டு பேர் எப்படி மோதுவது? என் டிரம் உருட்டுதான் அவர்களுக்குக் கண். தூரத்தில் இருந்தால் மெதுவாக உருட்டுவேன், நெருங்க நெருங்க ஏற்றுவேன், மோதுகிற நொடியில் சிம்பல். இதில் ஒரு முறை உண்டு. மோதுவது பபூன்தான். டான்ஸ் தன் இடத்துக்கு வந்ததும் நின்றுவிட வேண்டும். அவர் ஒரு அடி கூடுதலாக எடுத்துவைத்து மோதினாரென்றால், 'அந்தப் பொம்பளை தானாகப் போய் விழுந்தாள்' என்று மறுநாளே பேசுவார்கள், அடுத்த நாடகத்துக்குத் தேதி கொடுக்க ஊர்க்காரர்கள் யோசிப்பார்கள்.

இன்னொன்று எங்களுக்குள்ளே மட்டும் இருப்பது. பபூனுக்கு வாய் அடைத்துவிட்டால் வலதுகால் கட்டைவிரலை ரெண்டு தடவை தட்டுவார். உடனே நான் ஒரு அடி போட வேண்டும். கூட்டம் சிரிக்கும், அந்த இடைவெளியில் அடுத்த வசனத்தைப் பிடித்துக்கொள்வார். ஏன், எதற்கு என்று நாங்கள் கேட்பதில்லை. கால் தட்டி நான் அடிக்காமல் இருந்ததே கிடையாது.

கம்பம் வேலுச்சாமியும் வசந்தாவும் ஒரு காலத்தில் சேர்ந்தே கூப்பிடப்படுகிற ஜோடி. மேடையில் அத்தனை தடவை கல்யாணம் செய்துகொண்ட பிறகு, ஒரு தடவை நிஜமாகவே குச்சனூர் கோயிலில் தாலி கட்டிக்கொண்டார்கள். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம்: கலைஞரும் கலைஞரும் கல்யாணம் செய்துகொண்டால், மனைவியின் தேதியையும் ஊர்க்காரர்கள் புருஷனிடம்தான் கேட்பார்கள். வேலுச்சாமியிடம் கேட்டார்கள். அவன், "அவ இனிமே வரமாட்டா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் மட்டும் வேறு டான்ஸ்காரர்களோடு அதே காட்சிக்குப் போய்வந்தான். தன்னை யாருமே கூப்பிடவில்லை, தன் காலம் முடிந்துவிட்டது என்றுதான் வசந்தா நினைத்திருந்தாள். பஸ்ஸில் தற்செயலாகப் பார்த்த ஓர் ஊர்க்காரர், "நாங்க மூணு வருசமாக் கேக்குறோம், நீங்கதான் வரமாட்டேன்னுட்டீகளாம்ல?" என்று கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. அன்றைக்கே போடிக்கு அம்மா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. ஏலக்காய் ஸ்டோரில் காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போனாள். அந்த ஸ்டோரிலும் மெஷின் வந்து பாதிப் பேரை நிறுத்தினார்கள். அதற்குள் நாற்பதைத் தாண்டிவிட்டாள். மறுபடி மேடைக்கு வரப் பார்த்தாள், ஒருவரும் தேதி தரவில்லை.

தேவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், மாரியம்மன் திருவிழா. இப்போதெல்லாம் பத்து மணிக்கு மைக்கை அணைக்கச் சொல்லிவிடுகிறார்கள் என்பதால் பொழுது இருக்கும்போதே தொடங்க வேண்டியிருந்தது. பபூன் வேலுச்சாமி. நோட்டீஸில் போட்டிருந்த டான்ஸ்காரம்மாவுக்கு அன்று காலை கால் பிசகிவிட்டது. ஊர்க்காரர்கள் வாத்தியாருக்குப் போன் செய்தார்கள். "ஆள் வரும், கவலைப்படாதீக" என்று சொன்னவர், யார் என்று சொல்லவில்லை.

நான் டிரம்மை முடுக்கிக்கொண்டிருந்தபோது, சுதி சொல்ல வாத்தியாரிடம் வந்த பெண்ணைப் பார்த்தேன். வசந்தா.

"அண்ணே, நல்லாருக்கீகளா?" என்றாள் என்னிடம்.

"நல்லாருக்கேன் ஆத்தா. பபூன் யாருன்னு..."

"தெரியும். வாத்தியார் சொல்லித்தான் கூப்பிட்டாக. அவுக வந்தாலும் சரி, எமனே வந்தாலும் சரி, எனக்கு மேடை வேணும்ணே. இந்த ஒண்ணு சரியாப் போச்சுன்னா நாலு ஊர்ல கூப்பிடுவாக. கெட்டுச்சுன்னா, இந்த வயசுல எவனும் மறுபடி கூப்பிடமாட்டான்."

அவள் போனதும் வாத்தியாரிடம், "வேலுச்சாமிக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாது. சொன்னா அவனுக்குக் காய்ச்சல் வந்துரும்."

"நான் போயி ஒரு வார்த்தை..."

அவர் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

வேலுச்சாமி கம்பத்திலிருந்து பைக்கில் கடைசி நேரத்தில் வந்து, பள்ளிக்கூட வகுப்பறையில் மூக்கில் சிவப்பு அப்பிக்கொண்டான். பெண்களுக்கு ஒப்பனை வேறு அறையில். யாரோடு ஜோடி என்று நாங்கள் விசாரிக்கிற வழக்கமும் இல்லை. ஆக, வசந்தா படுதாவுக்குப் பின்னாலிருந்து பாட்டை எடுத்த பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. குரலில் கொஞ்சம் கரகரப்பு சேர்ந்திருந்தது, ஆனால் அந்தக் குரலை அவன் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்வான். எதிர் மறைவில் அவன் நிற்பது என் இடத்திலிருந்து தெரியும். தூணைப் பிடித்துக்கொண்டான்.

அவள் ஆடினாள். முதல் சுற்றில் கால் கொஞ்சம் தயங்கியது, ரெண்டாம் சுற்றில் பழைய வசந்தா வந்துவிட்டாள். பபூன் வர வேண்டிய இடத்தில் பபூன் வரவில்லை. வாத்தியார் பல்லவியைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். விசில் கிளம்பியது. "ஏலே, பபூன் எங்கலே?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். முன்னால் உட்கார்ந்திருந்த கமிட்டித் தலைவர் சடையப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

அப்புறம் வந்தான். பின்னோக்கி, காலைத் தேய்த்துத் தேய்த்து. நான் உருட்டினேன். வசந்தா நடுமேடைக்கு வந்து முறைப்படி நின்றாள். இன்னும் மூன்று அடி, ரெண்டு அடி. உருட்டை ஏற்றினேன். ஒரு அடி இருக்கும்போது அவன் நின்றுவிட்டான்.

அவன் குதிகால் உயர்ந்து உயர்ந்து தாழ்ந்தது. அவளுக்கு முதுகுப்பக்கம் நடப்பது தெரியாது, என் உருட்டைக் கேட்டு விழத் தயாராகத் தோளை இறுக்கிக்கொண்டு நிற்கிறாள். அவள் ஓர் அங்குலம் பின்னால் சாய்ந்தாலும் பழி அவளுக்கு. அவளும் சாயவில்லை. எவ்வளவு நேரம்தான் உருட்டுவது? நிறுத்தினேன்.

வேலுச்சாமி திரும்பி அவள் முதுகைப் பார்த்து நின்றான். சபையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு பழக்கம் அவனை இழுத்துக்கொண்டு போனது. மோதாமலே சண்டைக்குத் தாவினான்.

"ஏம்மா! நடுரோட்ல நிக்கிறியே, உனக்கு வீடு வாசல் இல்லையா?"

"இருந்துச்சு" என்றாள் அவள், திரும்பாமலே. "அங்கன கதவச் சாத்திட்டாக."

கூட்டத்தில் லேசான சிரிப்பு. அவன் தெம்பாகித் தர்க்கத்தைத் தொடங்கினான். வேலுச்சாமியின் தர்க்கத்தில் எல்லா ஊரிலும் ஆண்கள் பக்கம் கைதட்டல் வாங்குகிற ஒரு வசனம் உண்டு. யோசிக்காமல் அதையே எடுத்தான். நாக்குக்குப் பழகிப்போனதல்லவா.

"ஆம்பளைக்கு அழகு மேடை, பொம்பளைக்கு அழகு..."

அங்கே நின்றுவிட்டது. தான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அவனுக்கே அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

வசந்தா திரும்பினாள். "சொல்லுங்க. வீட்ல வெச்சு ஒரு தடவ சொன்னீகள்ல? இங்கன மைக் இருக்கு, எல்லாருக்கும் கேக்கட்டும்."

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு அம்மா சத்தமாகவே, "அடி, இவுக ரெண்டு பேரும் நெசப் புருசன் பொண்டாட்டிடி! நான் முன்னாடி பார்த்திருக்கேன்!" என்றார். சலசலப்பு ஓடி அடங்கியது. அதற்குப் பிறகு யாரும் விசிலடிக்கவில்லை.

வேலுச்சாமி என்னைப் பார்த்தான். வலதுகால் கட்டைவிரல் ரெண்டு தடவை தட்டியது.

குச்சி என் கையில்தான் இருந்தது. ஒரே ஒரு அடி போட்டால் கூட்டம் சிரித்துவிடும், அவன் வேறு ஜோக்குக்குத் தாவிவிடுவான், காட்சி எப்படியோ ஒப்பேறிவிடும். அவள்? கேட்ட கேள்வி அந்தரத்தில் தொங்க, அசட்டுத்தனமாகப் பேசின பொம்பளையாக நிற்பாள். எனக்கு வேலுச்சாமியைப் பிடிக்கும். எத்தனையோ மேடையில் அவனைத் தூக்கிவிட்டிருக்கிறேன். அன்றைக்குத் தூக்கிவிடக் கூடாது என்று தோன்றியது. குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

மறுபடி தட்டினான். நான் மேலே கட்டியிருந்த பல்பைப் பார்த்தேன். அவன் வாத்தியாரைப் பார்த்தான். வாத்தியார் துருத்தியை மெதுவாக மூடினார். நான் பார்த்த மூன்றாவதும் கடைசியுமான தடவை அதுதான்.

ஒளிந்துகொள்ள இடமில்லாமல் போன பபூன், மூக்கிலிருந்த சிவப்பைப் புறங்கையால் துடைத்தான்.

"பொம்பளைக்கு அழகு எதுன்னு எனக்கெப்படித் தெரியும்?" என்றான். "வீட்லதான்னு சொல்லித்தான் ஒருத்திய வீட்ல வெச்சேன். அவ போன பெறகு நான் ஒல வெச்சா ஒருநாளு கஞ்சி, ஒருநாளு கரி. பக்கத்து வீட்டு நாயிகூட என் சோத்த மோந்து பாத்துட்டு, என் மூஞ்சியப் பாத்துட்டுப் போகுது."

சிரிப்பு வெடித்தது. அவன் சிரிக்கவில்லை. "ஊரு ஊரா வந்து அவளக் கேட்டாக. அவளக் கேக்காம நானே வரமாட்டான்னு சொன்னேன். பயம். ஜனம் அவளப் பாத்துத்தான் கைதட்டுதுன்னு எனக்குத் தெரியும். சரி, தர்க்கம் முடிஞ்சுது. நான் தோத்தேன்."

அந்தக் காட்சியில் பபூன் தோற்றதாகச் சரித்திரமே கிடையாது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெண்கள் பக்கத்தில் கைதட்டல் எழுந்து ஆண்கள் பக்கமும் பரவியது. இந்த இடத்தில் அவள் அழுவாள், அவன் கண்ணைத் துடைத்துவிடுவான் என்று ஊரே எதிர்பார்த்தது. நானும்தான்.

வசந்தா முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகினாள்.

"தோத்தவுக ஜெயிச்சவுக சொல்றதக் கேக்கணும்ல? அப்ப உள்ள போயி முதல்லருந்து வாங்க. முறையா வந்து மோதுங்க. நான் வேலை செய்ய வந்திருக்கேன், என் வேலையக் கெடுக்காதீக."

வேலுச்சாமி மறைவுக்குள் ஓடினான். ஓடும்போதே வேட்டி தடுக்கி விழப்போய் நிமிர்ந்தான், அது நடிப்பா நிஜமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வாத்தியார் துருத்தியைத் திறந்து பல்லவியை எடுத்தார். அவள் ஆடினாள். அவன் பின்னோக்கி வந்தான். நான் உருட்டி, ஏற்றி, இன்னும் ஏற்றினேன். மோதினான் பாருங்கள்! ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் போய் விழுந்தார்கள். நான் அடித்த அடியில் சிம்பல் ஸ்டாண்டோடு சாய்ந்தது. மல்லாந்து கிடந்தபடியே வசந்தா, "யாரது, எருமை மாடா?" என்று கேட்டு, அங்கிருந்து காட்சியை அள்ளிக்கொண்டு போனாள். எத்தனையோ தடவை வாசித்த காட்சி, ஆனாலும் நான் சிரித்துச் சிரித்து ரெண்டு அடியைக் கோட்டைவிட்டேன்.

நாடகம் முடிந்து மைக்செட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். சடையப்பன் அடுத்த வருஷத்துக்கான தாம்பூலத் தட்டோடு வந்தார். வசந்தாவுக்கு முன்னால் வந்து நின்றவர், வழக்கம் ஞாபகம் வந்தவராக வேலுச்சாமி பக்கம் தட்டைத் திருப்பினார்.

"ஏப்பா, அடுத்த திருவிழாவுக்கும் இந்தம்மாவ அனுப்பி வைப்பியா?"

வேலுச்சாமி ரெண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

"எங்கிட்ட ஏன் கேக்குறீக? அவுகளக் கேளுங்க. அவுக வாரேன்னு சொன்னா, பபூனா யாரு வரணும்னும் அவுகளையே கேளுங்க."

தலைவர் தட்டை மறுபடி வசந்தா பக்கம் திருப்பினார். வசந்தா குனிந்து தாம்பூலத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்போதுதான் அவள் அழுதாள்.

"வாரேன். பபூன் இவுகளே இருக்கட்டும். மோதத் தெரிஞ்ச ஆளு."

"ரெண்டு பேருக்கும் ஒரே வண்டி ஏற்பாடு பண்ணவா, தனித்தனியாவா?"

"அத அடுத்த வருசம் கேளுங்க" என்றாள்.

வாத்தியாரும் வசந்தாவும் போடிக்குப் போகிற வேனில் ஏறினார்கள். நானும் அன்று வாத்தியார் வீட்டில் தங்குவதாக இருந்ததால் ஆர்மோனியப் பெட்டிக்குப் பக்கத்தில் இடம் பிடித்தேன். ஊர் எல்லையைத் தாண்டியதும் பின்கண்ணாடியில் ஒரு ஒற்றை விளக்கு. வேலுச்சாமியின் பைக். கம்பத்துக்குத் தெற்கே போக வேண்டும், அவன் எங்களுக்குப் பின்னால் வடக்கே வந்துகொண்டிருந்தான். முந்தவும் இல்லை, ஹாரன் அடிக்கவும் இல்லை. நான் வாத்தியாரைப் பார்த்தேன். அவர் தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டார்.

வசந்தா திரும்பிப் பார்க்கவே இல்லை. கொஞ்ச தூரம் போன பிறகு டிரைவரிடம் சொன்னாள்.

"மெதுவாப் போங்க தம்பி. பின்னால ஆளு வருது."